நாற்பது ஜெபச் சீட்டுகள்

உப்புக்காற்றில் நமத்த காகிதத்தில் மைப்பேனா ஓடாது. எழுத்து ஊறி வீங்கிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காகிதத்தை நாற்பது துண்டாகக் கிழித்து நான் பெயர் எழுதிய அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மிஷனரியான அப்பா, அம்மா, தம்பி சாம், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட நான், அப்புறம் எங்கள் வீட்டைச் சேராத அஞ்சலை.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஊழியத்துக்காக மரக்காணம் வந்தவர்கள். உப்பளத்தை ஒட்டிச் சிமென்ட் ஷீட் போட்ட ஜெப வீடு, அதன் பின்பக்கம் குடித்தனம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அப்பா மூன்று நாள் மாணவர் முகாம் நடத்துவார். அந்த வருஷம் எதுவுமே கூடிவரவில்லை. இடம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி வாரத்தில் கைவிரித்ததால் ஜெப வீட்டிலேயே நடத்தும்படி ஆனது; பேச வரவேண்டியவருக்கு அம்மை போட்டது; அன்று காலை வாடகைப் பாத்திரம் ஏற்றி வந்த டெம்போ, முந்தின நாள் மழையில் ஊறிய உப்பளக் கரையில் அச்சுவரை இறங்கி நின்றது. அண்டா குண்டானையெல்லாம் தலையில் சுமந்துவந்து இறக்கியது அஞ்சலையும், அவள் அப்பாவோடு உப்பு வாருகிற ஆட்களும்தான்.

ஆட்கள் போய்விட்டார்கள். அவள் நின்றாள். "இன்னா ஐயா, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு? எடம் பத்தலன்னா பசங்க எங்க உப்புக் கொட்டாயில படுத்துக்கட்டும். காலையில எழுந்தா கருவாடா இருப்பாங்க, அவ்ளோதான்" என்றாள். இரண்டு நாளாகச் சிரிக்காத அப்பா சிரித்துவிட்டார். "பாத்தியா, இவ எம் பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். நான் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் பிளஸ் ஒன். எனக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பயம். கேள்வி கேட்பார்களோ, பதில் தெரியாமல் நிற்பேனோ என்று முதல் நாள் ராத்திரியே தொடங்கிவிடும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த அப்பா, திட்டாமல் என் புத்தகப் பையை எடுத்து அஞ்சலைக்குக் கொடுத்தார். அந்தப் பையோடு அவள் தினமும் சாயங்காலம் வந்து, எங்கள் மேசையில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். நான் இருவருக்கும் காபி கொண்டு வைப்பேன்.

முகாமில் "ஜெபச் சீட்டு" என்று ஒரு வழக்கம் உண்டு. வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் டப்பாவில் போட்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்த பெயருக்காக மூன்று நாளும் வெளியே சொல்லாமல் ஜெபித்து, கடைசி நாள் எழுந்து யாரென்று சொல்லி, ஒரு சிறு பரிசு தரவேண்டும். மாணவர் முகாம் என்பதால் எனக்கு அதில் பெயர் கிடையாது, அடுப்படிதான். அப்பா கொடுத்த பட்டியலில் முதல் பெயர் அஞ்சலை. அதை நான் எழுதவில்லை. அந்தத் துண்டில் "கிருபா" என்று என் பெயரை எழுதி மடித்தேன். அப்பா எண்ணிப் பார்த்து, "நாப்பது, சரியா இருக்கு" என்று டப்பாவை மூடினார்.

இரண்டாம் நாள் அஞ்சலையின் காலை உப்புப் பாளம் கிழித்துவிட்டது. அவளுக்காக ஜெபிக்க ஆளில்லாமல் போனதால்தானோ என்று பயந்தேன். நானே ஜெபித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மனம் வரவில்லை.

கடைசி நாள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். திண்டிவனத்துப் பையன் ஒருவன், "கிருபான்றது யாருங்க? மூணு நாளா தேடிக்கினு இருக்கேன். ஆளு யாருன்னே தெரியாம ஜெபம் பண்ணிட்டேன்" என்றான். "அடுப்பாண்ட இருக்குது பாருடா" என்று யாரோ காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். கரிக்கையோடு போய் அவன் தந்த அட்டையை வாங்கிக்கொண்டேன். எல்லோருக்கும் கிடைத்தபின், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அஞ்சலை மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. பிறகு, "அஞ்சலை பேரை நானே எடுத்து வச்சுக்கிட்டேம்மா" என்று சட்டைப் பையிலிருந்த தன் சின்னப் புதிய ஏற்பாட்டை, சிவப்பு மையில் வரிவரியாகக் கோடு போட்டு வைத்திருந்ததை, அவளிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அப்பா சொன்ன ஒரே பொய் அது. அந்தப் புத்தகத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அன்று சாயங்கால ஜெபத்தில் அப்பா சாமின் பெயருக்கும் என் பெயருக்கும் முன்னால் அஞ்சலையின் பெயரைச் சொன்னார். மறுநாளும் சொன்னார். சொன்ன பொய்யை எப்படியாவது மெய்யாக்கிவிட வேண்டும் என்பதுபோல, சாகும்வரை ஒரு நாள் விடாமல் சொன்னார். நானும் ஒவ்வொரு நாளும் ஆமென் சொன்னேன்.

அந்த ஜெப வீடு இப்போது இல்லை. உப்பளக் கரையில் தார் ரோடு வந்துவிட்டது. முகாமென்றால் ஈ.சி.ஆர். ஓரம் ஏ.சி. ஹால் பிடிக்கிறார்கள். அஞ்சலை புதுச்சேரியில் நர்ஸ். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவள், "ஐயா மூணு நாளு எனக்கோசரம் ஜெபம் பண்ணாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். நான் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.

சாயங்கால ஜெபம் இப்போது என் பொறுப்பு. அடக்கம் முடிந்த மறுநாள், அந்தப் பெயரை விட்டுவிட்டு வேகமாகச் சொல்லி முடிக்கப் பார்த்தேன். ஆமென் சொல்ல வாயெடுத்தபோது, அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஒரு பேரை விட்டுட்டியே, ஏட்டி."