பலகை விழும் முன்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்கினார். பர்மாவின் யாங்கோன் நகரில் அப்படி வாங்கிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர் என்றால் க்யிம்யிண்டைங் பேட்டையில் எங்கள் சந்துக்காரர்கள் நம்பமாட்டார்கள். சைக்கிளில் மீன் விற்கிறவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். பி.எம்.எக்ஸ் என்ற அந்தக் குட்டைச் சைக்கிளில் மண்மேடுகளைத் தாவுவதற்கு ஒரு குளிர்பானக் கம்பெனி மாதச் சம்பளம் தருகிறது என்பதை என் அப்பாவே சம்பளக் கவரைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

ஒரு மழைக்காலப் பந்தயத்தில் மாமா தலைகுப்புற விழுந்தார். இரண்டு மாதம் படுக்கை. எழுந்து வந்ததும் கம்பெனி மேலாளர் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் அவரை ‘சயா’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊரில் நடக்கும் பந்தயத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் சைக்கிளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பந்தயத்தில் எல்லாமே புறப்படுவதில்தான் இருக்கிறது. முன்சக்கரத்தை ஒரு தடுப்பில் முட்டவைத்து, இரண்டு பெடலிலும் ஏறி நிற்க வேண்டும். தடுப்பு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்ததும் பாய வேண்டும். எங்கள் சந்தில் அந்தத் தடுப்புக்கு நான்தான் பொறுப்பு. பத்து வயதில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன், நினைத்தபோது சாய்ப்பேன். முன்பெல்லாம் பலகை தரையைத் தொடுவதற்குள் மாமா என்னைக் கடந்திருப்பார். இப்போது பலகை விழுந்து கிடக்கும், மாமா பெடல்மேல் நின்றபடி முழிப்பார். அப்புறம்தான் கால் அசையும். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் செத்துப்போகும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆகவே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பலகையை விடுவதற்குச் சற்று முன் மாமா பார்க்கும்படி உதட்டைக் கடித்தேன். மூன்றே நாளில் மாமா பழைய மாமா ஆகிவிட்டார். அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். எல்லாம் என்னால்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தன்லியினில் எட்டுப் பேர் மேட்டின்மேல் வரிசையாக நின்றார்கள். ஏழு பேர் தடுப்பையே பார்த்தார்கள். மாமா வேலிப் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். அந்தத் தடுப்பு என் கையில் இல்லையே, எப்போது உதட்டைக் கடிப்பது? நான் திகைத்து நிற்கும்போதே அது விழுந்தது. ஏழு சைக்கிள்கள் இறங்கிப் போயின. மாமா கடைசியாகக் கிளம்பி, கடைசியாக வந்து சேர்ந்தார். சயா நல்ல மனிதர். சைக்கிளைத் தானே தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டார்.

திரும்பும்போது, பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அழுதுகொண்டே மாமாவிடம் ஒப்புக்கொண்டேன்.

“மாமா, நான் தெனமும் ஒங்களுக்குச் சைகை காட்டினேன்.”

“தெரியும் பாப்பா,” என்றார். “மொத நாளே தெரியும்.”

அவர் கோபித்துக்கொள்ளாததே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன். முதல் நாளே தெரிந்தவர் ஏன் அதன் பிறகும் ஒவ்வொரு சாயங்காலமும் பலகையை எடுத்துவரச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.