சுவரில் கட்டைவிரல் அளவு ஓட்டை

இரண்டு வருடங்களுக்கு முன் ஆம்பூரில், ஏழைகளுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் தற்காலிக வேலை எனக்கு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். தோல் ஷெட்டில் வேலை செய்யும் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. பிறரிடம் எழுதி வாங்கிக் கொடுத்த மனுக்களை எந்த ஆபீசிலும் கடைசி வரை படித்ததில்லை என்பது அவருடைய தீராத குறை.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தரைத்தளம், மற்றவர்களுக்குக் குலுக்கல் என்று சொல்லியிருந்தார்கள். அடையாள அட்டை நகலைப் பார்த்ததுமே ‘தரைத்தளம்’ என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவு வேறு.

ஒதுக்கீட்டுச் சீட்டு கொடுத்த அன்று, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் சீட்டை என் மேஜையில் திருப்பி வைத்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். காது கேட்காது, பேச்சும் வராது. கீழ் வீட்டுக்கு ஊரே அடித்துக்கொள்ளும்போது இவர் வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

“கீழ் வீடு குடுத்தாலும் குறையா?” என்று முணுமுணுத்தேன்.

பின்னால் நின்ற அவருடைய அக்காவுக்கு நன்றாகவே காது கேட்டது.

“இன்னா தம்பி, யாரக் கேட்டு கீழ போட்ட? அவளுக்குக் காதுதான் கேக்காது. காலு நல்லாத்தான் கீது!”

வரிசையில் ஒரே சிரிப்பு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் விண்ணப்ப நகலை எடுத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். ‘அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு வேண்டும்.’

அதை நான் படிக்கவே இல்லை.

அக்காதான் விளக்கினார். தங்கையின் கணவருக்கும் காது கேட்காது. இப்போது அக்காவும் தங்கையும் இருக்கும் வாடகை வீடுகளுக்கு நடுவில் ஒரு ஜன்னல். தூங்கும்போது தங்கையின் மணிக்கட்டில் கயிற்றின் ஒரு முனை, மறுமுனை அக்காவிடம். குழந்தை அழுதால் அக்கா இழுப்பார்.

“போன மாசம் ஜுரத்துல கொழந்தைக்கு வலிப்பு வந்துச்சு. கயிறு இருந்ததால பொழச்சுது. இப்போ நான் ரெண்டாம் மாடி, அவ கீழ. யாரு இழுக்கிறது?”

அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் பட்டியலில் கையெழுத்தாகிவிட்டால் மாற்ற முடியாது. அதிகாரியிடம் ஓடினேன்.

“ரூல்படி கரெக்டாத்தானே போட்டிருக்க?” என்றார்.

“ரூல் அவங்க வசதிக்குத்தானே சார்? அவங்க வசதி மேலதான் இருக்கு. நான்தான் படிக்காம விட்டுட்டேன்.”

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். “பக்கத்து வீடு யாருக்கு விழுந்திருக்கு? அவர் ஒத்துக்கிட்டா மாத்திடலாம். கேட்டுட்டு வா.”

குலுக்கலில் அது ஒரு வயதான பாய்க்கு விழுந்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கீழ் வீடா? என் முட்டிக்கு ரெண்டு மாடி ஜாஸ்தின்னு பேஜாரா உக்காந்துனு இருக்கேன். எங்க கையெழுத்து போடணும், அத சொல்லு!” என்று எழுந்தேவிட்டார்.

அவர்கள் குடியேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஜன்னல் இல்லாத சுவர். அதில் ஓட்டை போட, அதே அதிகாரியிடம் மனு கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார்கள். ராத்திரிக்கு அதன் வழியாகக் கயிறு. பகலுக்கு ஒரு ஒயர். சுவிட்ச் அக்கா வீட்டில், பல்பு தங்கை வீட்டில்.

“அமுத்திப் பாரு தம்பி.”

அமுக்கினேன். தங்கை மாவுக் கையோடு ஓடி வந்தார். குழந்தை அக்கா மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. சுவிட்சில் என் விரலைப் பார்த்ததும், அந்த மாவுக் கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே டீ போடப் போனார்.

இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். எந்த விண்ணப்பம் வந்தாலும் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் படிக்கிறேன். என்ன கொடுக்கலாம் என்று நானே முடிவு செய்வதற்கு முன், என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க எனக்குக் கற்றுத்தந்தது அந்தச் சுவரில் இருக்கும் கட்டைவிரல் அளவு ஓட்டைதான்.