அடித்தெழுதிய பெயர்

ஓய்வுபெற்றபின் மகள் வீட்டில் தங்குவதற்காக ஷார்ஜாவுக்கு வந்தேன். முப்பதாண்டுகள் செப்பேடுகளையும் ஓலை ஆவணங்களையும் படித்துப் பழகிய கண்கள் வாளாவிருக்க மறுத்தன. மருமகன் வாயிலாக, பழம்பொருள் சேகரிக்கும் அரபுப் பெரியவர் ஒருவரின் அறிமுகம் கிட்டியது. தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஊர்தி பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கிடையே, ஒரு கிடங்கின் மேல்தளத்தில் அவருடைய சேகரிப்பு இருந்தது. அதில் பாதிக்கு மேல் முதல் உலகப்போரில் செருமானிய வீரர்கள் அணிந்த தலைக்கவசங்கள். கறுப்புத் தோலால் ஆனவை. உச்சியில் உலோகக் கூர்முனை கொண்டவை. அவற்றின் உட்புறக் குறிகளைப் படித்து, மெய் எது, போலி எது எனப் பதிவேட்டில் எழுதுவது என் பணியாயிற்று.

கவசத்தின் பிடரிப் பகுதியைத் திருப்பிப் பார்த்தால் மையால் இட்ட முத்திரைகள் தெரியும். வழங்கிய கிடங்கின் குறி, ஆண்டு, படைப்பிரிவின் எண், தலையின் அளவு. மெய்யான முத்திரையின் மை தோலோடு சேர்ந்தே மூப்படைகிறது. தோல் வெடிக்கையில் எழுத்தும் உடன் வெடிக்கிறது. பின்னாளில் இட்ட மையோ வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இந்த வேறுபாட்டை முதன்முதலாகக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஒரு குளிர்காலக் காலையில் செருமானிய மூதாட்டி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். துபாயில் மகனுடன் சில திங்கள் தங்க வந்தவர். எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு கவசத்தின் உட்புறப் படத்தைப் பார்த்திருக்கிறார். அதில் எழுதியிருந்த பெயர் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் பெயர். பாட்டனார் போருக்குச் சென்றபின் பிறந்தவர் அவர் தாய். தந்தையின் முகத்தையோ கல்லறையையோ அந்தத் தாய் கண்டதில்லை. எஞ்சியது ஓர் அஞ்சலட்டை. அதில் படைப்பிரிவின் எண் இருந்தது.

பெரியவர், எங்கள் இருவருக்கும் ஓரளவு தெரிந்த உருதுவில், ஆசான் என்று விளித்துச் சொன்னார்: "உஸ்தாத், இது மெய் என்று நீங்கள் சொல்லுங்கள், இன்றே இந்த அம்மையாருக்குக் கொடுத்துவிடுகிறேன். காசு எதற்கு? ஆனால் போலியைக் கொடுத்து வயதானவரை ஏமாற்ற மாட்டேன்."

ஆக, எல்லாம் என் சொல்லில் நின்றது.

கவசத்தைத் திருப்பினேன். அதில் இரண்டு படைப்பிரிவுகளின் முத்திரைகள் இருந்தன. முதலாவதன் மீது குறுக்கே கோடு. அதன் அருகில், அஞ்சலட்டையில் இருந்த அதே எண். கீழே ஒரு பெயர் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அதற்கும் கீழே பாட்டனாரின் பெயர். மை வெடிப்புக்குள் வழியவில்லை. தோலோடு சேர்ந்துதான் வெடித்திருந்தது. அதைக் கண்டேன், கண்டும் கருதாமல் விட்டேன். ஏனெனில் என் வாழ்நாள் முழுதும் அடித்தெழுதிய பெயரைக் கண்டால் ஐயுறவே பழகியிருந்தேன். நிலக்கொடைச் செப்பேட்டில் ஒருவன் பெயரைச் சிதைத்து வேறொருவன் பெயர் பொறித்திருந்தால் அது நிலம் கவர்ந்தவன் கைவேலை. எத்தனை செப்பேடுகளை அவ்வாறு தள்ளியிருக்கிறேன்!

"பிற்காலத்தில் திருத்தப்பட்டது. மெய்யென்று சொல்ல இயலாது," என்றேன்.

மூதாட்டி வாதிடவில்லை. சற்றுநேரம் கையில் வைத்திருக்கலாமா என்று மட்டும் கேட்டார். கவசத்தை ஒரு கையில் மல்லாத்திப் பிடித்து, அதன் உள்ளே மறுகையின் ஐந்து விரல்களையும் விரித்து வைத்தார். பிறகு என்னிடம் திருப்பித் தந்து, நன்றி கூறிச் சென்றார்.

"கலாஸ்," முடிந்தது என்றார் பெரியவர். ஐயத்திற்குரிய பிற பொருள்களோடு அந்தக் கவசமும் ஒரு பெட்டியில் ஏறி, வணிகர் ஒருவரிடம் போயிற்று.

கோடை வந்தது. குளிரூட்டி பழுதானது, தோல் கெட்டுவிடுமே என்று பதறி ஆள் அழைத்தோம். புதுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், கட்டுமான இடத்திலிருந்து நேரே வந்தார். தம் மஞ்சள் கவசத்தைக் கழற்றி என் மேசைமேல் மல்லாக்க வைத்தார். உள்ளே தடித்த மையில் மூன்று பெயர்கள். இரண்டின்மேல் கோடு.

"இது யார் கவசம் தம்பி?"

"என்னோடதுதாங்கய்யா."

"மற்ற இருவர்?"

"மொத ஆளு ராஸ் அல் கைமா சைட்டுல இருந்தாரு. விசாவக் கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாரு, இப்பக் கோழிப்பண்ணை வச்சிருக்காரு. ரெண்டாவது எம் மச்சான். கம்பெனி சாமானுங்க இது. போறவன் ஸ்டோர்ல குடுத்துட்டுப் போவான், வர்றவன் அடிச்சுட்டுத் தன் பேர எழுதிக்குவான். மச்சானுக்குத் தலை பெருசு, அதான் எனக்குத் தொளதொளன்னு ஆடுது. உள்ள ஒண்ணும் கெடையாது, அளவு மட்டும்தான் பெருசு."

நான் சிரிக்கவில்லை. "ஒருவன் பொய்யாகப் பெயர் எழுதினால் இப்படி அடித்து எழுதுவானா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பொய்யா எழுதுறவன் எதுக்குய்யா அடிக்கணும்? பேரில்லாத நல்லதாப் பாத்து ஒண்ணுல அழகா எழுதிட்டுப் போயிருவான்ல?"

கவசம் படையின் உடைமை, வீரனுடையது அன்று. ஒருவன் மாண்டாலோ மாறினாலோ அது கிடங்குக்குத் திரும்பி, வேறு பிரிவுக்கு, வேறு தலைக்குப் போகும். அடித்த கோடே அதன் மெய்ம்மைக்குச் சான்று. நிலத்தின் வழக்கைக் கொண்டு தலைக்கவசத்தை அளந்துவிட்டேன்.

அன்றே பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, அது இன்னும் வருத்தியது. வணிகரைத் தொலைபேசியில் அழைத்தார். பெட்டி பிரிக்கப்பட்டுப் பொருள்கள் குவைத்துக்கும் பஹ்ரைனுக்குமாகச் சிதறியிருந்தன. வாங்கியவர் பெயர் ஒன்றும் அவரிடம் இல்லை.

மூதாட்டிக்கு மடல் எழுதினேன். பிழை என்னுடையதே என்பதை எவ்வித மழுப்பலுமின்றி எழுதினேன். மறுமொழி வந்தது: "உள்ளே கையை வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது இப்போது எங்கே இருக்கிறது?"

அந்த ஒரு வினாவுக்கு விடையெழுத முடியாமல் ஈராண்டு கழிந்துவிட்டது. அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். பதிவேட்டில் அந்தக் கவசத்துக்கு நேரே நான் எழுதிய தீர்ப்பை அடித்து, மெய் என்று எழுதிவிட்டேன். அந்த வரி மட்டும் பொருளின்றி நிற்கிறது. வளைகுடாவின் பழம்பொருள் கடைகள் ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறேன். வெளிப்புறப் படங்கள் வந்து குவிகின்றன. தோலும் கூர்முனையும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன.

"இந்த வருஷமாவது ஊருக்குப் போய் இருக்கலாமேப்பா," என்கிறாள் மகள். இன்னும் சில திங்கள் பொறு என்கிறேன். நேற்று பஹ்ரைனிலிருந்து ஒரு படம் வந்தது. அளவு பொருந்துகிறது. பிடரியின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டிருக்கிறேன்.