சன்ஹெட்ரினைத் திருத்தச் சிவகாசிக்கு ஒரு நாள்

என் புத்தகத்தின் 41ஆம் பக்கத்தில் ஒரு தப்பு அச்சாகப்போகிறது என்று தெரிந்ததும், காபியைக்கூடக் குடிக்காமல் விருதுநகரில் பஸ் ஏறினேன். புரட்டாசி முதல் வாரம், காலை 9.10. ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய 64 பக்கச் சொற்பொருள் புத்தகம் அது. யூதர்களின் உச்ச மத நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘சன்ஹெட்ரின்’, பிறப்பிலேயே எபிரேயச் சொல் என்று எழுதித் தொலைத்திருந்தேன். உண்மையில் அது கிரேக்கத்திலிருந்து எபிரேயத்துக்குப் போன சொல். ‘சேர்ந்து உட்கார்தல்’ என்று பொருள். ஆயிரம் பிரதி! சிவகாசி அச்சகத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. காலண்டர் சீசன் அப்படி.

சிவகாசி 26 கி.மீ., டிக்கெட் 25 ரூபாய், ஐம்பது நிமிடம். திருத்தங்கலில் தீபாவளி லோடு லாரிகள் மறித்ததில் இன்னும் கால் மணி நேரம் போயிற்று. மனதுக்குள் எல்லா டிரைவர்களையும் திட்டினேன், பாவம். ஷேர் ஆட்டோவுக்கு 15 ரூபாய்.

அச்சகத்தில் மெஷின் நின்றிருந்தது. ஓட்டி முடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மெஷின் ஓட்டும் முத்துலட்சுமி அக்கா மை படிந்த கையைத் துடைத்தபடி வந்தார்.

“வாங்க டீச்சர். பன்னெண்டாம் பக்கத்துல இந்தச் சன்ஹெட்ரினைக் கிரேக்கம்னு போட்டிருக்கீக, நாப்பத்தொண்ணுல எபிரேயம்ங்கீக. எது சரி? அதான் ஓட்டாம வச்சிருக்கேன்.”

மை சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் வாசித்திருக்கிறார், அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட்ட நான் வாசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முதலாளி அண்ணாச்சிக்குக் கோபம். “இப்ப மாத்துனா காலண்டர் ஆர்டரை எங்கன வைக்க?”

“பிள்ளைக படிக்கிற புஸ்தகம் அண்ணாச்சி. தப்புனு தெரிஞ்சு நான் ஓட்ட மாட்டேன்” என்றார் அக்கா.

மூவரும் காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்தோம். அந்த நீதிபதிகளும் இப்படித்தான், பாதி நெற்களம் போல வளைந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய உட்கார்வார்களாம் என்றேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். அந்தப் பக்கத்துக்குப் புது அச்சு பிளேட் போட 600 ரூபாய் என் செலவு, சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. 1.40க்குத் திருத்திய தாளைக் கையில் வாங்கியபோதுதான் பசியே தெரிந்தது.

சிவகாசியில் புத்தகம் போடப்போகிறவர்களுக்கு: புரட்டாசியைத் தவிர்த்து விடுங்கள். முதல் தாள் வரும்போது நேரில் நில்லுங்கள். மெஷின் ஓட்டுபவர் ஏதாவது கேட்டால் காது கொடுங்கள்.

கிளம்பும்போது முத்துலட்சுமி அக்கா கேட்டார்: “அந்தக் கோர்ட்டுல பொம்பளைக உக்காந்தாகளா டீச்சர்?”

“இல்லக்கா. எல்லாரும் ஆம்பளைகதான்.”

“அப்ப நம்ம காகிதக்கட்டுக் கோர்ட்டு தேவலை” என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.