அக்கா காத்துக்கொடுத்த கப்பல் காசுகள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், அக்காவின் பொறுமையைப் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அக்காவுக்குப் பொறுமையே கிடையாது. கூடப் பிறந்த தங்கை நான், பொய் எழுத வராது. அவரிடம் இருந்தது பிடிவாதம். அது ஜெயித்த கதையைத்தான் எழுதப்போகிறேன்.

மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு குப்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார் அக்கா. அவர் ஒன்பதாவது படிக்கையில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா மீன்கூடை தூக்கினார். அக்கா காலையில் அம்மாவோடு தெருத்தெருவாகப் போய்விட்டு, மீன் வாசம் போகக் கை கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவார். பள்ளியிறுதி தேறி, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையில் சேர்ந்தார். சைக்கிள் கடை வைத்திருந்த மாமாவை மணந்தார். தட்டச்சு படிக்க வந்த நானும் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகைப் புயல் எங்கள் குப்பத்துக் கரையை ஆள் உயரத்துக்கு அரித்துவிட்டுப் போனது. அடிமணலில் கறுப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னச் செப்புக் காசுகள் கிடந்தன. பெண்கள் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். பாத்திரக்காரர் வந்தால் எடைக்குப் போட்டு ஒரு கரண்டியாவது வாங்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"எங்கிட்ட குடுங்க. இது இன்னா காசுன்னு படிச்சவங்ககிட்ட காட்டறேன். அதுவரிக்கும் ஒரு கீறல் படாம வச்சிக்கிறேன்."

பக்கத்துக் குடிசைக் கன்னியம்மா சித்திதான் முதலில் முடிச்சை அவிழ்த்தார். "நீ சொல்றதால குடுக்கறேன். கரண்டி போச்சின்னா உன்னத்தான் கேப்பேன்" என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். மொத்தம் முப்பத்தாறு காசுகள். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த வாக்குதான் அக்காவின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

உப்பில் கிடந்த செம்பு கரைக்கு வந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும் என்பது அக்காவுக்கு எப்படியோ பிடிபட்டது. காசுகளை மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் மாற்றினார். பிறகு நிழலில் பஞ்சின்மேல் உலர்த்தினார். துடைக்கவே மாட்டார், ஒற்றி எடுப்பார். புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை அல்லவா. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், காசின் முகத்தில் விரல் பட்டால் வியர்வை ஏறும் என்று என்னைக்கூட அதட்டுவார். ஒவ்வொரு காசுக்கும் எண்ணெய்த்தாளில் தனிப் பொட்டலம். கொடுத்தவர் பெயரை முதலில் எழுதி, மை காய்ந்த பிறகே உள்ளே காசு போகும். எல்லாம் ஒரு கண்ணாடிப் புட்டியில் அடங்கின. மாத்திரை டப்பாக்களில் ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் குட்டிப் பைகளையும் சேகரித்து அதில் போட்டார்.

இவ்வளவும் செய்தவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு எதிரி இருந்தாள். அது நான்தான்.

மறு ஆண்டு ஆயுத பூஜை. மாமாவின் ஸ்பேனர், என் கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் பளபளவென்று பூஜைக்கு உட்கார்ந்திருந்தன. லட்சுமி படத்துக்கு முன்னால் காசு வைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அதுவும் கறுத்துப்போன காசையா வைப்பது? அக்கா வேலைக்குப் போன நேரத்தில் பன்னிரண்டு காசுகளைப் புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். தங்கமாக மின்னின. பாராட்டு வாங்கக் காத்திருந்தேன்.

அக்கா தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார். இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று இருந்தது. "இன்னாடி பண்ணி வச்சிகீற" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "அது அவங்க காசு. நீயே போய்ச் சொல்லு" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

குப்பத்துக்குப் போய் நின்று அழுதேன். கன்னியம்மா சித்தி மீனை அரிந்துகொண்டே கேட்டார்.

"மிச்சம் கீதா?"

"கீது சித்தி. இருவத்தி நாலு."

"அப்புறம் இன்னாத்துக்கு மூக்க உறிஞ்சறே? உங்கக்காள அத்தப் பத்திரமா வச்சிக்கச் சொல்லு."

அடுத்த ஆண்டு, காலில் காயத்தோடு ஒரு சரித்திரப் பேராசிரியர் மருத்துவமனைக்கு வந்தார். அவர் கால் தன் கையில் இருக்கும் நேரம் பார்த்து அக்கா காசுகளைப் பற்றிச் சொன்னார். அவர் எப்படி மறுப்பார்? நொண்டியபடியே வீட்டுக்கு வந்தார். அக்கா நேர்மைக்காரி, நான் தேய்த்ததைத்தான் முதலில் வைத்தார். "யாரம்மா இப்படித் தேய்த்தது? எல்லாம் போய்விட்டதே" என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் சமையலறைக்குள் பதுங்கிக்கொண்டேன். "உக்காருங்க சார்" என்று அதட்டிவிட்டு, அக்கா பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

ஒன்பதாவது காசோடு பேராசிரியர் ஜன்னலுக்குப் போனார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஒரு பக்கம் காளை. இன்னொரு பக்கம் கப்பல் அம்மா, இரட்டைப் பாய்மரக் கப்பல். பல்லவர் காசு. கயிறுகூடத் தெரிகிறது. உப்பில் கிடந்ததை எப்படியம்மா காப்பாற்றினீர்கள்?"

அக்கா சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

காசுகள் அரசாங்க அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முன், பேராசிரியர் தம் கல்லூரியில் கண்காட்சி வைத்தார். 'மீனவப் பெண்கள் கண்டெடுத்தவை' என்று ஒரே அட்டையாக எழுதலாம் என்றார். "பேரு வேணும் சார். பொட்டலத்து மேலியே எழுதிகீறேன் பாருங்க" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். எழுதினார்கள். தேய்ந்த பன்னிரண்டுக்குத் தனித் தட்டு. 'புளியால் தேய்த்தவர்' என்று என் பெயர். அச்செழுத்தில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குப்பமே பஸ் பிடித்து வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கன்னியம்மா சித்தி கப்பல் காசுக்குக் கீழே விரலை வைத்து, "இது இன்னா போட்டுகீது?" என்றார். அவர் பெயர்தான். படித்தேன். "இன்னொரு தபா படி" என்றார். மறுபடியும் படித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அக்காவைத் தேடிப் பொட்டலத்தோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "தேச்சியா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. கடைசி ஒரு மாதம் படுக்கையில் இருந்தபோதும் அந்த அதட்டல் குறையவில்லை.

அந்நாட்களில் துணை நின்ற மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் அலைந்த மாமாவின் கடைப் பிள்ளைகளுக்கும், இறுதிச் சடங்குக்கு வந்திருந்து எங்களைத் தாங்கிய உற்றார் உறவினருக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன். கன்னியம்மா சித்தியின் மகள், குப்பத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினார். அவருக்கு நன்றி சொல்லப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"எங்கம்மா பேர எழுதி வச்சது உங்கக்கா கை. நீ இன்னாத்துக்கு எனக்கு நன்றி சொல்றே?"