ஏழு விரலும் ஒரு மூடிய கையும்

என் பெரியப்பா காய்கறி மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் ஏலம் போட்டவர். அவர் வாயைத் திறந்தால் லாரிக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் பத்து மூட்டை வெங்காயம் விற்கிற மாதிரிதான் கேட்பார். பெரியம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏலம் முடிந்திருக்கும்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அதற்கு நல்ல டாக்டர் நான் வேலை பார்க்கும் பெரிய நகரத்தில்தான் இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நாற்பது நாள் பேசவே கூடாது, முணுமுணுக்கவும் கூடாது, ஒரு தடவை கத்தினாலும் குரல் திரும்பாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குரல் போனால் மண்டியும் போயிற்று. இருவரும் மூன்று பையும் ஒரு தலையணையுமாக, நாலாவது மாடியில் இருந்த என் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். காலை எட்டு மணிக்குப் போனால் ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்துவிட்டு ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். மூன்றே நாளில் அவர்களுக்கு அறை சலித்துவிட்டது. எழுதிக் காட்டச் சொல்லி நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? "ஏழாம் நம்பர் பஸ்ஸில ஏறிப் பார்க் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றேன்.

மண்டியில் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே விரலால்தான் பேசிக்கொள்வார்கள். விரித்த விரல் என்றால் எண்ணிக்கை, மூடிய கை என்றால் 'பொறு'. பெரியம்மாவுக்கும் அது அரைகுறையாகத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் பெரியப்பா ஏழு விரலைக் காட்டினார். செருப்பு வார் அவிழ்ந்திருந்ததால் கையையும் மூடிக் காட்டிவிட்டுக் குனிந்தார். பெரியம்மா மூடிய கையைச் சைபர் ஆக்கி, வந்து நின்ற எழுபதில் ஏறிவிட்டாள். அவரும் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடி ஏறினார். எழுபது போய் நின்ற இடம் துறைமுகம்.

"கப்பலைக் கிட்டத்துல பார்த்தேண்டி. நம்ம தெருவையே ஏத்திடலாம் போல" என்றாள் பெரியம்மா ராத்திரி. பெரியப்பா மறுநாளைக்கு எட்டு விரலைக் காட்டினார்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பஸ், கடைசி ஸ்டாப் வரைக்கும். நான் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் ஊரில் எனக்குத் தெரிந்தது லேபும் மளிகைக்கடையும்தான். இவர்களோ மிருகக்காட்சி சாலை, கண்ணாடித் தொழிற்சாலை, பழைய புத்தகச் சந்தை என்று அளந்து தள்ளினார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. உலகத்தில் இருக்கிற பாஷையெல்லாம் அந்த ஊரில் உண்டு. ரொட்டிக்கடையில் ஒன்று, சலவைக்கடையில் இன்னொன்று. பெரியம்மா எல்லோரிடமும் தமிழிலேயே, முழு வாக்கியமாக, நலம் விசாரித்து வழி கேட்டாள். அவர்களும் தங்கள் பாஷையில் முழு வாக்கியமாகப் பதில் சொன்னார்கள். கடைசியில் பெரியப்பாவின் விரல்தான் காரியத்தை முடிக்கும்.

"இந்த ஊர்ல எல்லாரும் உங்க பெரியப்பா மாதிரிதாண்டி. வாய் இருக்கு, பிரயோஜனம் இல்ல" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் விட்டதையெல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அவரால் குறுக்கே பேச முடியாது. தலையை ஆட்டிக்கொண்டு வருவார்.

நாற்பத்தோராம் நாள் பதினொரு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். நான் லேபிலிருந்து நேரே போய்விட்டேன். பதினொன்று அடித்து இருபது நிமிஷமாகியும் இவர்களைக் காணோம். குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் நடந்தேன். ஒரு வழியாக வந்தார்கள். பெரியப்பா சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான் கத்த ஆரம்பித்தேன்.

"இருடி, சொல்றேன்" என்றாள் பெரியம்மா. பஸ் மாறும் இடத்தில் பெருங்கூட்டம். இவள் ஏறினாள், கதவு மூடிக்கொண்டது, அவர் தரையில். போன் அவர் பையில். ஆஸ்பத்திரி பெயர் இவள் வாயில் நுழையாது.

"கண்ணாடி வழியாப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைச்சிடுச்சு, வாய் திறந்துடுச்சு. போச்சு, கத்தப் போறாருன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. நான் தொலைஞ்சா தேடிக்கலாம். குரல் தொலைஞ்சா?"

திறந்த வாய் மூடியது. கை உயர்ந்தது. ஒரு விரல், பிறகு மூடிய கை. இந்தத் தடவை பெரியம்மா அதைப் பத்து என்று படிக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள். அவர் ஓடி வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "இப்ப பேசலாமாம், ஏதாவது சொல்லுங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னேன். குரல் வந்தது. மெலிந்து, கரகரத்து, ஆனால் அவர் குரல்தான்.

"அந்த விரலை இவ மட்டும் பார்க்காம இருந்திருந்தா, கத்தியிருப்பேன்."

டாக்டருக்குத் திருப்தி. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். நான் பெரியம்மாவைத்தான் பார்த்தேன்.

நாற்பது நாளும் ஓயாமல் பேசிய பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக் கையை மூடிக் காட்டினாள்.