தள்ளி நிற்கச் சொன்ன பெட்டியம்மா

அது ஒரு தகரப் பெட்டி. அடிப்பக்கம் கிடையாது, தலையில் ரப்பர் அடைப்பு ஒன்று மட்டும் இருக்கும். புல்லுக்கு நடுவே மண்ணில் பதித்த இரும்புச் சட்டத்தின் மேல் அதைக் கவிழ்த்து, சட்டத்தின் விளிம்புப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டால் உள்ளேயிருக்கும் காற்று வெளியே போகாது, வெளிக்காற்று உள்ளே வராது. கொஞ்ச நேரம் விட்டு, ரப்பரில் ஊசியைக் குத்தி, உள்காற்றை மெல்ல இழுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைப்பார்கள். எண்பதுகளின் நடுவில், இந்த வேலைக்காக மெட்ராஸிலிருந்து ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, வாரம் தவறாமல் எங்கள் ஏரிக்கரைக்கு வந்துபோன பெண்ணைத்தான் நாங்கள் பெட்டியம்மா என்று கூப்பிட்டோம்.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பது எங்கள் பிழைப்பு. என் அக்கா மட்டும் காட்டூர் முதலாளியின் கறவை எருமைகளை மேய்த்தாள். அவள் மேய்த்த புல்வெளியில்தான் பெட்டி வைத்தார்கள். மாடு மேய்கிற நிலத்தில் புல்லும் மண்ணும் சாணியும் எவ்வளவு காற்றை விடுகின்றன, எவ்வளவு வாங்கிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் காற்று மேலே போய்ச் சேர்ந்தால் உலகத்துக்கே சூடு ஏறுமாம். இன்று டிவியில் தினமும் அதைத்தான் சொல்கிறார்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. "எரும வுடற காத்தயும் புட்சிக்கினு போவியாம்மா?" என்று அக்கா கேட்டாள். "அதுவும் வேணுந்தான், அதுக்குத் தோதா பெட்டி இல்லியே" என்று பெட்டியம்மாவும் சிரித்தார். பெட்டி கவிழ்ந்திருக்கும் நேரத்தில் எருமைகள் முட்டாமல் ஓட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தார். பேச்சு குறைவான எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ஒருநாள் இறால் பிடித்துவிட்டுக் கரையேறிய பெண்கள் வேடிக்கை பார்க்கப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா குனிந்து பெட்டியைத் தொடப்போனாள். பெட்டியம்மா ஊசியும் கையுமாகப் பதறிப்போய், "தள்ளி நில்லுங்க! உங்க மூச்சு படக் கூடாது!" என்றார்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. அந்தச் சொல்லை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில், கிணற்றடியில், பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. முதலாளி வீட்டில் பால் கறந்து முடியும் வரை எருமை மட்டும் உள்ளே நிற்கும், அதை மேய்த்தவள் வேலிக்கு வெளியே நிற்பாள். மெட்ராஸிலிருந்து வந்தவரும் அதையே சொன்னால் மனசு என்ன பாடுபடும்!

மறுநாளிலிருந்து அக்கா எருமைகளைச் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓட்டினாள். என்னையும் போகக் கூடாது என்றாள். அடுத்த வாரம் பெட்டியம்மா வந்து பார்த்தபோது புல்வெளி காலியாகக் கிடந்தது. மேய்ச்சல் நின்றுபோனால் அதுவரை எடுத்த குப்பியெல்லாம் வீண், வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எங்கள் குடிசைக்கே வந்து கண்கலங்கச் சொன்னார்.

"அன்னிக்குத் தள்ளி நிக்கச் சொன்னது வேற எதுக்கும் இல்லக்கா. நம்ம மூச்சுலயும் அதே காத்து இருக்கு. என் மூச்சுலயுந்தான். அதனாலதான் நானே முகத்த திருப்பிக்கிறேன். ரெண்டும் கலந்துட்டா எது மண்ணோடது, எது மனுசனோடதுன்னு தெரியாது."

"கலந்தா தெரியாதுன்றதான? அப்பறம் இன்னாத்துக்குத் தள்ளி நிக்கச் சொல்ற?" என்றாள் அக்கா.

பெட்டியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஊசியை இழுக்கும்போது அவர் கழுத்தைத் திருப்பி மூச்சை அடக்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்காவுக்கு எதிரே வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

சவுக்குத் தோப்பில் புல் ஏது? எருமைகளுக்குப் பால் குறைந்தது. முதலாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, மேய்ச்சலை ஏன் மாற்றினாய் என்று அக்காவைத் திட்டியபடியே புல்வெளிக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். அங்கே பெட்டியம்மா, மேயாத புல்லின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் தூரத்திலேயே நின்றுவிட்டோம். முதலாளி விறுவிறுவென்று போய், "இன்னாம்மா கீது இதுக்குள்ள?" என்று குனிந்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றார் பெட்டியம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளி திரும்பி எங்களைப் பார்த்து அதட்டினார்: "அந்தம்மா சொல்றாங்க இல்ல? தள்ளிப் போங்க!"

"அவங்க இல்ல, உங்களத்தான் சார். மூச்சு படக் கூடாது. அவங்க நிக்கிற எடத்துக்குப் போயிடுங்க."

முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். எங்களோடு ஒரே வரிசையில் அவர் அதற்கு முன் நின்றதில்லை. எருமைகள் நாளையிலிருந்து இங்கேயே மேயட்டும் என்று ஏரியைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளச் சொல்லியிருக்கலாம். ஏரில உழுந்திருப்பாரு" என்றாள் மெதுவாக.

"மாட்ட நாளைக்கு ஓட்டியாறேன்னு அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுக்கா" என்றேன்.

"இருடி, இப்பப் போனா மூச்சு பூந்துடும்" என்றாள். பெட்டியம்மா கடைசிக் குப்பியை மூடிப் பெட்டியைத் தூக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அவளே போய்ச் சொன்னாள்.